திரை இல்லாத அறை

உடம்பு தேறி இரண்டு வருஷம் ஆகப்போகிறது. இன்னமும் யாராவது ஒருத்தி ஜாக்கெட் தைக்கக் கொடுக்கிற சாக்கில் வீட்டுக்கு வருகிறாள். அளவு எடுத்து முடித்த பிறகும் போகாமல் நிற்கிறாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்கிறாள், "அக்கா, உனக்கு மொதல்ல இன்னா மாதிரி இருந்துது?" ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். "உயிரோட இருக்கியேம்மா, அத எழுது, மத்தத வுட்டுடு" என்றாள் என் மகள். உயிரோடு இருப்பதையும் எழுதுகிறேன். ஆனால் மற்றதை விட்டுவிட்டு எழுத எனக்கு வராது.

என் பெயர் தனலட்சுமி. செஞ்சியில் திண்டிவனம் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. முன்னறையில் தையல் மிஷின் போட்டிருக்கிறேன். வீட்டுக்காரர் ஏழுமலை மினி லாரி ஓட்டுகிறார், சிங்கவரம் பக்கத்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டைகள்தான் அவருக்கு முக்கால்வாசி லோடு. ஒரே மகள் சுமதியைத் திண்டிவனத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறோம்.

எனக்கு மாசாமாசம் வருகிற தூரம் நின்று ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதற்கப்புறம் திடீரென்று ரத்தம் பட்டது. வெள்ளையும் பட்டது, அதில் ஒரு நாற்றம். பக்கத்து சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கிருந்த டாக்டர் தலையைத் தூக்கவில்லை. "இந்த வயசுல அப்படித்தாம்மா இருக்கும்" என்று சத்து மாத்திரை எழுதினார். மறுபடி போனேன். மறுபடியும் அதே மாத்திரை. மூன்றாவது தடவை, "சார், படுக்க வெச்சி பாக்கறீங்களா?" என்று நானே வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "அதெல்லாம் தேவையில்ல, டென்ஷன் ஆகாத" என்றார். அந்த மாத்திரைகளைத் தின்றுகொண்டே பல மாசத்தை ஓட்டினேன். அந்த மாசங்களில்தான் அது வளர்ந்திருக்கிறது.

ஆடிக்கு வந்த சுமதிதான் பாத்ரூமில் அலசிப் போட்டிருந்த துணியைப் பார்த்துவிட்டு, மறுநாளே என்னை இழுத்துக்கொண்டு திண்டிவனத்தில் ஒரு லேடி டாக்டரிடம் போனாள். அந்த அம்மா கதவைச் சாத்தி, படுக்க வைத்து, விளக்கு அடித்துப் பார்த்தார். அங்கிருந்து கடுகளவு சதையைக் கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். பயாப்சி என்று சொல்கிறார்களே, அது இவ்வளவுதான். எறும்பு கடித்த மாதிரி இருந்தது.

முடிவு வந்ததும் என்னை எதிரே உட்கார வைத்துச் சொன்னார். கருப்பை என்பது ஒரு சுருக்குப்பை மாதிரி. அந்தப் பைக்கு ஒரு வாய் இருக்கிறது. எனக்குப் புற்றுநோய் அந்த வாயில் வந்திருக்கிறது. ஒரு வைரஸ் கிருமியால் வருவது. அந்தக் கிருமி எத்தனையோ பெண்கள் உடம்பில் வந்து தானாகவே போய்விடும். சிலர் உடம்பில் மட்டும் போகாமல் தங்கி, வருஷக்கணக்கில் வேலை பார்க்கும். "ஆபரேஷன் பண்ற கட்டத்த தாண்டிடுச்சிம்மா. ஆனா கரண்டு வெச்சி, கூடவே கீமோ குடுத்தா நல்லா ஆயிடும். அந்த மிஷின் பெரிய ஆஸ்பத்திரியிலதான் இருக்குது. அலட்சியமா இருந்துடாத." கரண்டு என்றால் கதிர்வீச்சு. எங்கள் பக்கத்தில் அதைக் கரண்டு என்றுதான் சொல்வோம்.

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் பெயரை எழுதப் போவதில்லை. சர்க்கார் ஆஸ்பத்திரி, காப்பீட்டு அட்டை இருந்தால் வைத்தியம் இலவசம், அது போதும்.

முதல் நாள் காலையில் சீட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். மத்தியானம் கூப்பிட்டார்கள். அங்கிருந்த டாக்டர் திண்டிவனத்துக் காகிதங்களைப் புரட்டிவிட்டு, என்னைத் தாண்டி என் வீட்டுக்காரரைப் பார்த்து, "இவங்களுக்கு ரெண்டாவது ஸ்டேஜ். அஞ்சு வாரம் கரண்டு. இவங்க கிட்ட ஒண்ணும் சொல்லிக்காதீங்க, பயந்துக்குவாங்க" என்றார். நான் அவருக்கு ஒரு முழ தூரத்தில் நின்றுகொண்டிருக்கிறேன். மாடு பிடிக்க வந்தவனிடம் மாட்டைப் பற்றிச் சொல்கிற மாதிரி இருந்தது. என் வீட்டுக்காரர் அதிகம் பேசாத மனுஷன். "அவளுக்கு எல்லாம் தெரியும் சார், அவ கிட்டயே சொல்லுங்க" என்றார். டாக்டர் அதற்குள் அடுத்த பேரைக் கூப்பிட்டுவிட்டார்.

வெளியே வந்ததும் ஆயாம்மா வேலை பார்க்கிற ஒருத்தி என் சீட்டைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள், "கீழ வர வியாதி. சுத்தமா இருந்தா ஏன் வருது?" எனக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னாள். கல்யாணமாகி இருபத்தேழு வருஷம் ஆனவள் நான். அதை எதற்கு அவளிடம் நிரூபிக்க வேண்டும் என்று பேசாமல் வந்துவிட்டேன். வார்டில் இருந்த பாதிப் பெண்கள் தங்கள் வியாதியின் பெயரைச் சொந்த மாமியாரிடம்கூடச் சொல்லாமல் வந்திருந்தார்கள். ஏன் சொல்லவில்லை என்று அன்றைக்குப் புரிந்தது.

தினமும் போய் வர முடியாத தூரம் என்பதால் வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். சனிக்கிழமை வீட்டுக்குப் போய்த் திங்கட்கிழமை வந்துவிட வேண்டும். கட்டிலில் விரிப்பு இல்லை, முந்தின நோயாளியின் கறை இருந்தது. சுமதி வீட்டிலிருந்து போர்வை கொண்டுவந்து விரித்தாள். கக்கூஸைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. இந்த வைத்தியத்தில் இரண்டாவது வாரத்திலிருந்து வயிற்றுப்போக்கு வரும், ஒன்றுக்குப் போனால் மிளகாய் வைத்த மாதிரி எரியும். அது வியாதியின் தப்பில்லை, கரண்டு பக்கத்து உறுப்புகளையும் சுடுவதால் வருவது. அப்படி ஒரு நாளைக்குப் பத்து தடவை ஓடுகிற பெண்களுக்கு அந்தத் தளத்தில் இருந்தது இரண்டு கக்கூஸ். ஒன்றில் தாழ்ப்பாள் கிடையாது. இன்னொன்றில் தண்ணீர் வராது. தரையில் கால் வைக்கக் கூசும். கதவைக் கையால் பிடித்துக்கொண்டு, மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு, வாந்தியை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கீமோ ஏறிய அன்றைக்கு அடக்கவும் முடியாது.

கரண்டு அறைக்கு முன்னால் வேறொரு கூத்து. நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு, ஒன்றுக்குப் போகாமல் அடக்கிக்கொண்டு வரச் சொல்வார்கள். மூத்திரப்பை நிறைந்திருந்தால் குடல் மேலே தள்ளிப் போகும், கரண்டு அதிகம் படாது. இதை மிஷினைப் பார்த்துக்கொள்கிற பெண் எனக்குச் சொன்னாள். நல்ல பெண். "அசையாம படுங்கக்கா, நான் வெளிய டிவில உங்களத்தான் பாத்துட்டு இருப்பேன்" என்று ஒவ்வொரு நாளும் சொல்லிவிட்டுத்தான் கதவைச் சாத்துவாள். அந்த மூன்று நிமிஷம் வலிக்கவே வலிக்காது. ஆனால் வரிசையில் நாங்கள் தண்ணீர் குடித்துவிட்டு நிற்கும்போது, யாரோ ஆபீசருக்கு வேண்டியவர் என்று நடுவில் ஒருவரைப் புகுத்துவார்கள். அவர் முடிந்தால் இன்னொருவர். ஒருநாள் எனக்கு அடங்கவில்லை. நின்ற இடத்திலேயே புடவை நனைந்துவிட்டது. "எங்கிருந்து வரீங்க நீங்கள்லாம், துடைக்கறதுக்கு நானா கெடச்சேன்?" என்று வார்டு பாய் கத்தினான். மாப்புக் கட்டையை அவனிடமிருந்து வாங்கி நானே துடைத்தேன். அவன் கொடுத்தான்.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் மேல்சித்தாமூர் பத்மாவதி அம்மா. அறுபது வயதிருக்கும். சமணக் குடும்பம், பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார். ஆஸ்பத்திரிச் சாப்பாடு இருட்டிய பிறகுதான் வரும். வாரக்கணக்கில் ராத்திரி பட்டினி கிடந்தார், ஒருவரிடமும் குறை சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் லோடு இறக்கிவிட்டு வருகிற நாட்களில் வெளிச்சம் இருக்கும்போதே அவருக்கு இட்லி வாங்கி வருவார். அந்த அம்மாவின் மகன் கரும்பு போட்டிருக்கிறார், வெட்டுக் காலம். இருந்தும் அம்மாவை விட்டுப் போகாமல் தாழ்வாரத்திலேயே படுத்துக்கிடந்தார்.

வாரம் ஒருமுறை எங்களைப் பரிசோதிக்கிற அறை ஒன்று உண்டு. கதவுக்கு நேர் எதிரே மேஜை, காலைத் தூக்கி வைக்க இரண்டு கம்பி. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. நடுவில் திரையும் இல்லை. ஐந்தாறு மாணவர்கள் சுற்றி நிற்பார்கள், கேட்பது கொள்வது கிடையாது. பிள்ளைகள் படிக்கத்தான் வேண்டும், இல்லையென்று நான் சொல்லவில்லை. "பாக்கலாமாம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் வேண்டாம் என்றா சொல்லப் போகிறோம்?

ஒருநாள் பத்மாவதி அம்மா உள்ளே இருந்தார். அடுத்தது நான். வாசலில் என் பக்கத்தில் அவர் மகன், அம்மாவின் பையையும் செருப்பையும் பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்த பேரைக் கூப்பிடுவதற்காக அந்த வார்டு பாய் கதவை அகலத் திறந்தான். திறந்தபடியே நின்று சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். மகன் பார்த்துவிட்டார். அம்மாவும் மகனைப் பார்த்துவிட்டார். மகன் சட்டென்று திரும்பிச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார். உள்ளே யாரோ ஒரு மாணவி சிரித்தாள். எதற்குச் சிரித்தாளோ தெரியாது, வேறு ஏதாவதற்குக்கூட இருக்கலாம். நான்தான் போய்க் கதவை இழுத்துச் சாத்தினேன்.

சாயங்காலம் பத்மாவதி அம்மா புடவையை மாற்றிக்கொண்டு, கட்டிலை ஒழுங்காகத் தட்டிவிட்டு, மகனோடு ஊருக்குப் போய்விட்டார். கரண்டு பாதிதான் ஆகியிருந்தது.

நான் நர்ஸ் அம்மாவிடம் போனேன். "ஒரு திரை போடக்கூடாதா மேடம்?"

"கேட்டு எழுதியிருக்கோம்மா. எழுதி எத்தினியோ நாளாச்சி."

டாக்டரிடமும் கேட்டேன். "வசதியெல்லாம் வேணும்னா பிரைவேட்ல போய்ப் பாருங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, தினமும் சொல்கிற பேச்சு மாதிரி சொன்னார். அதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது. மறைப்பு வசதியா? ஜாக்கெட்டுக்கு அளவு எடுக்கும்போது நான் ஜன்னலைச் சாத்துகிறேன். அது எந்த வசதியில் சேர்த்தி?

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்கு வந்ததும் கெட்டியான பச்சைத் துணி எடுத்தேன். மிஷினை மிதிக்கக் காலில் தெம்பில்லை. கொஞ்சம் தைப்பேன், படுப்பேன், எழுந்து தைப்பேன். சுமதி வந்து மிச்சத்தை ஓட்டி முடித்தாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரும் நானும் மேல்சித்தாமூருக்குப் போனோம்.

பத்மாவதி அம்மா களத்தில் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முறத்தை வைத்துவிட்டு மோர் கொண்டுவந்து கொடுத்தார். மகன் எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுக் கழனிப் பக்கம் போய்விட்டார்.

"வாங்கம்மா, போலாம். பாதியில வுட்டா அது மறுபடி கெளம்பிடும்னு சொல்றாங்க" என்றேன்.

"கெளம்பட்டும்."

"அப்பிடி சொல்லாதீங்க."

"தனலட்சுமி, நான் செத்தா எம்பையன் அழுவான். அது எல்லா பையனும் அழுவறதுதான், தாங்கிக்குவான். அன்னியிலேர்ந்து அவன் என் மூஞ்சிய நேரா பாக்கல. சாப்புடறியாம்மான்னு கேக்கறான், தரையப் பாத்து கேக்கறான். இத நான் இன்னா செய்ய?"

பையிலிருந்த பச்சைத் துணியை எடுத்துக் காட்டினேன். "நாளைக்கி இத அங்க கட்டப் போறேன். கதவ தெறந்தாலும் ஒண்ணும் தெரியாது. நான் வாசல்ல நிப்பேன்."

அவர் அதன் ஓரத்தைப் பிடித்துத் தையலைத் தடவிப் பார்த்தார். "பாக்கலாம், போ" என்றார்.

திங்கட்கிழமை என் வீட்டுக்காரர் லாரியிலிருந்து கம்பியும் கொக்கியும் எடுத்து வந்து, யாரையும் கேட்காமல் ஸ்டூல் மேல் ஏறினார். நர்ஸ் அம்மா ஓடி வந்தார். "பர்மிஷன் வாங்கினீங்களா?" இவர் கீழே இறங்கவில்லை. "நீங்க போயி வாங்கியாங்கம்மா, அதுக்குள்ள கட்டி முடிச்சிடறேன்" என்றார். நர்ஸ் அம்மா மேஜையையும் கம்பியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "இன்னும் கொஞ்சம் கதவு பக்கமா தள்ளிக் கட்டுங்க, டாக்டருக்கு வெளிச்சம் வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் அந்த அறைக்குள் போன பெண்கள் வெளியே வரும்போது முகம் கொஞ்சம் வேறாக இருந்தது. பத்மாவதி அம்மாவும் வந்தார். ஆனால் மகனோடு வருவதில்லை என்று பிடிவாதமாக இருந்து, துணைக்கு ஆள் பார்த்து வருவதற்குள் மூன்று வாரம் ஓடியிருந்தது. "படிச்சிப் படிச்சி சொன்னாலும் பாதியில ஓடறது, அப்பறம் வந்து நிக்கறது" என்று டாக்டர் எல்லோர் முன்னாலும் அவரைத் திட்டினார். ஏன் போனாய் என்று கேட்கவில்லை. அவர் கைகட்டி நின்று கேட்டுக்கொண்டார்.

நான் கரண்டு முடிக்கிற சமயத்தில் மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள் என்றார்கள். ஒரே நாளில் சுவருக்குச் சுண்ணாம்பு, கட்டிலுக்கெல்லாம் வெள்ளை விரிப்பு, கக்கூஸில் தண்ணீர். அதுவரை தண்ணீர் இல்லாமல் இல்லை, திறந்துவிட ஆள்தான் இல்லை என்று அன்றைக்குத் தெரிந்தது. "கேட்டா நல்லா பாத்துக்கறாங்கன்னு சொல்லணும், சரியா?" என்று கட்டில் கட்டிலாகச் சொல்லிப் போனார்கள். வந்த அதிகாரி பரிசோதனை அறைத் திரையைத் தொட்டுப் பார்த்து, "குட், நல்ல ஏற்பாடு" என்றார். பெரிய டாக்டர் தலையசைத்து ஏற்றுக்கொண்டார். போட்டோ எடுத்தார்கள்.

மறுநாள் விரிப்புகளை உருவிக்கொண்டு போய்விட்டார்கள். கக்கூஸில் பழையபடி தண்ணீர் வரவில்லை. பரிசோதனை அறைக்குப் போனால் வெறும் கம்பி தொங்குகிறது. தேடினேன். டாக்டர்கள் உட்காருகிற அறையில், வெயில் அடிக்கிற ஜன்னலில் மாட்டியிருந்தார்கள். உள்ளே இரண்டு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, ஒவ்வொரு வளையமாகக் கழற்றினேன். "ஏம்மா, இன்னா பண்றீங்க?" என்றார் ஒருவர். "என் துணி" என்றேன். கொண்டுபோய்ப் பழைய இடத்தில் மாட்டினேன்.

கடைசியாக உள்கதிர்வீச்சு. மெல்லிய உலோகக் குழாய்களைக் கீழ்வழியாகக் கருப்பை வாய் வரை வைத்து, அதற்குள் கதிரை அனுப்புகிறார்கள். வியாதி இருக்கிற இடத்திலேயே நேராகச் சுடுவது. குழாய் வைக்கும்போது வலி உயிர் போகும், இதை மறைக்க மாட்டேன். ஆனால் முன்னாலேயே மரத்துப்போக ஊசி கேளுங்கள். கேட்டவர்களுக்குப் போட்டார்கள், கேட்காதவர்களுக்கு மறந்துபோனார்கள். நான் கேட்டேன்.

மூன்று மாசம் கழித்து எடுத்த ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வந்தது. என் வீட்டுக்காரர் அந்தக் காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்த மிஷினும், அதை ஓட்டிய பெண்ணும், என்னை பிரைவேட்டுக்குப் போகச் சொன்ன அதே டாக்டர் போட்ட கரண்டுக் கணக்கும்தான் என்னைக் காப்பாற்றியது. அவர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். "அப்பறம் இன்னாக்கா, உயிரக் குடுத்தாங்களே" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். உயிரைக் கொடுத்தால் மானத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று எங்கே எழுதியிருக்கிறது?

பத்மாவதி அம்மாவுக்கு ஒரு வருஷத்தில் திரும்ப வந்துவிட்டது. முதுகெலும்புப் பக்கம் போய்விட்டது. நடுவில் விட்ட இடைவெளியும் ஒரு காரணமாக இருக்கும் என்றார்களாம். இப்போது மேல்சித்தாமூர் வீட்டில் படுக்கையில் இருக்கிறார். போன வாரம் போயிருந்தேன். மகன்தான் தூக்கி உட்கார வைக்கிறார், துடைத்துவிடுகிறார், பொழுது சாய்வதற்குள் கஞ்சி ஊட்டுகிறார். முகத்தைப் பார்த்துத்தான் பேசுகிறார்.

அதற்கு இரண்டு நாள் கழித்து எனக்குப் பரிசோதனைத் தேதி. முடித்துவிட்டு வெளியே வரும்போது, கையில் டேப், அந்தப் பெரிய போன் மாதிரி இருக்குமே, அதை வைத்துக்கொண்டு ஒரு பெண் வந்தாள். காலேஜ் படிக்கிற வயது. நோயாளிகள் திருப்தியாக இருக்கிறார்களா என்று கேட்டு எழுதுகிறார்களாம். மரியாதையாகத்தான் கேட்டாள், உட்காரக்கூடச் சொன்னாள். சுத்தம் எப்படி, சாப்பாடு எப்படி, டாக்டர் பேசுவது எப்படி, ஒன்றிலிருந்து ஐந்து வரை சொல்ல வேண்டும்.

எல்லாவற்றுக்கும் ஒன்று என்றேன். மிஷின் அறைப் பெண்ணுக்கு மட்டும் ஐந்து.

"ஒரு அம்மா இருக்காங்க, அவங்க பையன் வாசல்ல நிக்கும்போது கதவ தொறந்துட்டாங்க. அத எதுல போடுவ?" என்று கேட்டேன்.

அவள் டேப்பை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். "அதுக்கு இதுல எடம் இல்லீங்கக்கா" என்றாள். நிஜமாகவே தேடித்தான் பார்த்தாள், பாவம். "கடைசி கேள்விக்கா. உங்களுக்கு தெரிஞ்சவங்களுக்கு இந்த வியாதி வந்தா, இந்த ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்வீங்களா? இதுக்கு நம்பர் இல்ல. ஆமா, இல்ல, அவ்ளோதான்."

ஜாக்கெட் கொடுக்கிற சாக்கில் வந்து நிற்கிற பெண்களை நினைத்துக்கொண்டேன். அவர்களிடம் இல்லை என்று சொன்னால் அவர்கள் எந்த மிஷினுக்குப் போவார்கள்?

"வரச் சொல்வேன். சொல்லினுதான் இருக்கேன். வேற எங்க போவாங்க?" என்றேன்.

"தேங்க்ஸ்க்கா" என்று சொல்லிவிட்டு அவள் 'ஆம்' என்பதைத் தொட்டாள்.